ஆறு மில்லிமீட்டர்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பலாமரப் பலகை ஒன்றரை வருடம் சுவரில் சாய்ந்தே நின்றது. தாத்தா வீட்டு ஊஞ்சல் பலகை. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் அந்த வீட்டை இடித்தபோது கதவு, நிலை, உத்தரம் எல்லாம் பழைய மரம் வாங்குபவரிடம் போய்விட்டன. சித்தப்பா இந்தப் பலகையை மட்டும் ஒதுக்கிவைத்து, தெரிந்த லாரியில் ஏற்றி அம்பத்தூருக்கு அனுப்பினார். நாற்பது மில்லிமீட்டர் கனம், ஐந்தரை அடி நீளம். சங்கிலி வளையம் இருந்த ஒரு முனை வெடித்திருந்தது. வெடித்த பக்கத்தை அறுத்துவிட்டு, இரண்டு முனையையும் வளைவாக்கி, கால் போட்டு ஒரு பெஞ்ச் செய்யலாம் என்று நினைத்தேன். அதற்காகவே ஒரு ஜிக்சா வாங்கினேன், மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவாகவும் அறுக்கிற கை ரம்ப மெஷின். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் அறுத்தும் முடித்தேன். மேலிருந்து பார்த்தால் பென்சில் கோட்டை ஒட்டியே போயிருந்தது. புரட்டினேன். அடிப்பக்கத்தில் வெட்டு கோட்டை விட்டு ஆறு மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது.

பிளைவுட்டாக இருந்தால் மரக்கடைக்குப் போய் இன்னொரு துண்டு வாங்கிவந்திருப்பேன். இது அப்படி இல்லை. தஞ்சாவூர் வீணை செய்கிற அதே பலா. வெளியே அறுபது வருட எண்ணெயும் கை பட்ட அழுக்கும் ஏறிக் கறுத்த பழுப்பு. ஆனால் பிளேடு உள்ளே போனதும் கொட்டிய தூள் மஞ்சள்தூள் மாதிரி இருந்தது. அந்தத் தூளை உடனே பெருக்கித் தள்ள மனம் வரவில்லை. பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கீழே இறங்கிவந்தேன். அதற்கப்புறம் அதன் பக்கம் போகவே முடியவில்லை.

நான் அந்த மெஷினை வாங்கிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் இரவெல்லாம் போனில் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன். 800 வாட், லேசர் கோடு, இரும்பு அறுக்கும், 80 மில்லிமீட்டர் மரம் அறுக்கும், பெட்டியோடு பத்து பிளேடு, விலை இரண்டாயிரத்துச் சொச்சம். பக்கத்திலேயே பெயர் போன கம்பெனியின் மெஷின், 450 வாட், ஏறக்குறைய மூன்று மடங்கு விலை. பாதி சக்திக்கு மூன்று மடங்கு காசு எதற்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. வாட் என்பது மெஷின் கரண்ட் கம்பியிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்கிற கணக்கு. அதில் எவ்வளவு பிளேடு முனைக்கு வந்து சேர்கிறது, எவ்வளவு சூடாகப் போகிறது என்று பெட்டியில் போட்டிருக்காது. ஜிக்சாவில் பிளேடு நேராக நிற்கிறதா என்பதற்கும் வாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இது அன்றைக்குத் தெரியாது.

பிளேடில் பாதி

முதலில் பிளேடைத்தான் சந்தேகப்பட்டேன். அது பாதி சரியான சந்தேகம். பெட்டியோடு வந்த பத்து பிளேடும் தகரம் மாதிரி மெலிசு. அதைத் தூக்கிவைத்துவிட்டு போஷ் கம்பெனி பிளேடு வாங்கினேன். அந்தப் பொடி எழுத்துக் குறியீடுகளைப் படிக்கத் தெரிந்ததே எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். முதலில் வரும் டி என்பது பிளேடின் கழுத்து, இரண்டு பக்கமும் காது வைத்த வடிவம். இன்றைக்கு வரும் ஜிக்சாக்களில் பெரும்பாலும் இதுதான் பொருந்தும். டி 101 பி பொடிப் பல், மரத்தில் சுத்தமாக வெட்டும், மெதுவாகப் போகும். டி 144 டி பெரிய பல், வேகமாகப் போகும், ஓரம் சிதறும். டி 101 ஏஓ ஒல்லி உடம்பு, சின்ன வளைவில் திரும்பும். டி 144 டிபி தடித்த உடம்பு, கனமான மரத்தில் எளிதில் வளையாது. சாதாரண பிளேடின் பல் மேல்நோக்கி இருக்கும், அதனால் மேல் முகம்தான் சிதறும். சன்மைக்கா ஒட்டிய பலகை என்றால் நல்ல முகத்தைக் கீழே வைத்து, பின்பக்கம் கோடு போட்டு அறுக்க வேண்டும். நல்ல முகம் மேலேதான் இருக்க வேண்டும் என்றால் பல் கீழ்நோக்கி உள்ள டி 101 பிஆர். இதெல்லாம் தெரிந்த பிறகு என் மெஷினிலேயே பிளைவுட் ஓரம் கண்ணாடி மாதிரி வந்தது.

ஆனால் சாய்வு போகவில்லை. வேண்டாத ஒரு வேப்பங்கட்டையை எடுத்து, கிளாம்ப் போட்டு, ஓரமாக ஒரு நேர்ச்சட்டம் பிடித்து, டி 144 டிபி போட்டு, பெண்டுலத்தைப் பூஜ்யத்தில் வைத்து, கையால் அழுத்தாமல் மெஷின் போகிற வேகத்துக்கே விட்டேன். பெண்டுலம் என்றால் பிளேடு மேலே ஏறும்போது கூடவே கொஞ்சம் முன்னால் தள்ளிக் கடிக்கிற ஏற்பாடு. வேகம் தரும், சுத்தத்தைக் கெடுக்கும். அவ்வளவு கவனமாகச் செய்தும் செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தை வைத்தால் அடியில் மூன்று மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிந்தது. நேர்கோட்டிலேயே மூன்று. வளைவில் ஆறு வந்ததில் ஆச்சரியமில்லை.

கடைசியில் மெஷினே ஒரு முடிவுக்கு வந்தது. ஏழாவது மாதம் கருகல் வாடை அடித்தது, அப்புறம் உள்ளே நீலப் பொறி, அப்புறம் சத்தமே இல்லை. கம்பெனி நம்பருக்கு அடித்தால் ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினார். வாரண்டி ஆறு மாதம்தான், உதிரி பாகம் தனியாகத் தருவதில்லை, புது மெஷினுக்குத் தள்ளுபடி தரலாம் என்றார்.

பாய் கடை

சென்னை பிராட்வேயில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கம்பி சுற்றும், அதாவது ஆர்மேச்சர் வைண்டிங் செய்யும் கடை ஒன்று இருக்கிறது. ஆறடிக்கு எட்டடி இருக்கும். தரையிலிருந்து கூரை வரை பிரித்துப் போட்ட டிரில், கிரைண்டர், மார்பிள் கட்டர். அறுபது வயதைத் தாண்டிய பாய் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து தாமிரக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். என் மெஷினை வாங்கினார். கரண்ட் கொடுத்துப் பார்க்கவில்லை. பிளேடை மாட்டி, அதன் நுனியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார். என் கண்ணுக்கே அசைவு தெரிந்தது.

"தம்பி, வீட்ல தையல் மெஷின் இருக்கா?"

"அம்மாகிட்ட இருக்கு பாய்."

"அதுல ஊசி மாட்டுற கம்பி இப்படி ஆடினா தையல் நேரா வருமா?"

அந்த ஒரு கேள்விதான். ஒன்றரை வருடம் எனக்குப் பிடிபடாதது அந்த இடத்தில் பிடிபட்டது. ஜிக்சா பிறந்த கதையே தையல் மெஷினில்தான் ஆரம்பிக்கிறது என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. 1940களில் சுவிட்சர்லாந்தில் ஸ்கிண்டில்லா என்ற கம்பெனியில் வேலை பார்த்த ஆல்பர்ட் காஃப்மன் என்ற பொறியாளர், மனைவியின் தையல் மெஷினில் ஊசியைக் கழற்றிவிட்டு ரம்ப பிளேடை மாட்டிப் பார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் கையில் பிடிக்கிற ஜிக்சா. அந்தக் கம்பெனியைத்தான் 1950களில் போஷ் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பாய் இதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. நாற்பது வருடம் மெஷினைப் பிரித்துப் பிரித்து, அதன் வயிற்றிலிருந்தே அந்த ஒப்புமையை எடுத்திருக்கிறார்.

பாய் என் மெஷினைப் பிரித்தார். பக்கத்தில் சர்வீசுக்கு வந்து கிடந்த ஒரு மகிட்டா 4329 ஜிக்சாவையும் திறந்துவைத்தார். அதே 450 வாட், 18 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் சாதாரண மாடல். இரண்டு வயிறும் அடுத்தடுத்து. இரண்டிலும் ஏற்பாடு ஒன்றுதான்: மோட்டார் முனையில் சின்னப் பல்சக்கரம், அது ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றும், அந்தச் சக்கரத்தில் மையத்தை விட்டு விலகி ஒரு முளை, அந்த முளை சுற்றச் சுற்ற ஒரு தண்டு மேலும் கீழும் போகும். தண்டின் நுனியில் பிளேடு. என் மெஷினில் அந்தத் தண்டு ஓடுகிற புஷ் என்ற வளையம் ஏழு மாதத்தில் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. பிளேடின் முதுகைத் தாங்க வேண்டிய சின்ன உருளை பிளேடைத் தொடவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் விசிட்டிங் கார்டைச் செருகிக் காட்டினார், உள்ளே போய்விட்டது. அடித்தட்டு மெல்லிய தகடு, ஒரு மூலை தூக்கியிருந்தது. அந்த இன்னொரு மெஷின் எட்டு வருடம் ஒரு பட்டறையில் ஓடியதாம். தண்டில் ஆட்டம் இல்லை. மோட்டாருக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். புது ஜோடி கார்பனை டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டு ஐந்து நிமிடத்தில் ஓட்டிக் காட்டினார்.

பிளேடு மேலே மட்டும்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது, கீழ்நுனி அந்தரத்தில் தொங்குகிறது. இதுதான் ஜிக்சாவின் பிறவிக் குணம். எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் கனமான மரத்தில் கீழ்நுனி கொஞ்சம் விலகத்தான் செய்யும். தண்டும் உருளையும் சரியாக இருந்தால் அந்த விலகலைக் கையால் சமாளிக்கலாம். தண்டே ஆடினால் யார் கையிலும் முடியாது. பெட்டியில் 80 மில்லிமீட்டர் மரம் அறுக்கும் என்று எழுதியிருந்ததும் பொய் இல்லை. அறுக்கும். நேராக அறுக்கும் என்று எழுதவில்லை.

கிளம்பும்போது, புதிதாக வாங்க எனக்கு உதவும் என்று நினைத்து, "உங்க கடைக்கு எந்த மெஷின் வரவே வராது பாய்?" என்று கேட்டேன். ரிப்பேருக்கே வராத மெஷின்தான் உறுதியான மெஷின் என்பது என் கணக்கு. அவர் தாமிரக் கம்பியைக் கீழே வைத்தார்.

"வராத மெஷின் ரெண்டு வகை தம்பி. ஒண்ணு, ஓடிக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, உன் மெஷின் மாதிரி. எனக்கு அதுல கை வைக்க ஒண்ணுமில்ல, நேரா காயலான் கடைக்குப் போயிடும். இங்க வருது பாரு, அதுதான் திரும்பி எழுந்திரிக்கும்னு நம்பிக்கை உள்ள மெஷின்."

நம்பகமான மெஷின் எது என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி உங்கள் ஊரில் அதைப் பிரித்துப் போடுகிறவர் யார் என்பதுதான். கார்பன் தேயும், சுவிட்ச் போகும், ஒயர் கழுத்தில் அறுந்துபோகும், பேரிங் கத்தும். எந்த நாட்டு மெஷினுக்கும் இது நடக்கும். அன்றைக்கு அந்தப் பாகம் நம் ஊர்ச் சந்தில் கிடைக்கிறதா என்பதே எனக்கு இப்போது முக்கியம். பெரிய கம்பெனிகள் மெஷினைப் பிரித்துப் பரப்பிய படம் வரைந்து ஒவ்வொரு திருகுக்கும் ஒரு எண் கொடுத்திருக்கின்றன. அந்தப் படம் கிடைக்காத மெஷினை நான் இனி வாங்குவதாக இல்லை. மகிட்டா 1915இல் ஜப்பானின் நகோயாவில் தொடங்கியபோது மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் விற்கவும் ரிப்பேர் செய்யவும் இருந்த கடைதான். மெஷின் தயாரிப்பெல்லாம் பிறகு வந்தது. பாய் கடையைப் பார்த்துவிட்டு அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறெதுவும் ஓடவில்லை.

அதற்காக அந்த ஒரு கம்பெனியைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. நான் கடையில் பெட்டியைப் பிரித்து, கரண்ட் கொடுக்காமல், பிளேடு மாட்டி ஆட்டிப் பார்க்கிறேன். முன்னாலிருந்து பார்த்து, பிளேடின் முதுகு உருளையின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். அடித்தட்டுக்கும் பிளேடுக்கும் நடுவில் சின்ன மூலைமட்டத்தை வைக்கிறேன். அப்புறம் சும்மா ஓட்டிக் காதால் கேட்கிறேன். பில் கேட்கிறேன், ஏனென்றால் பெயர் போன கம்பெனிகளுக்கு அச்சு அசலாகப் போலி வருகிறது. பெட்டியும் நிறமும் அதே, உள்ளே என் பழைய மெஷின். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை.

மற்ற மெஷின்கள்

டிரில், மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதே விதிதான். பேட்டரி மெஷின் வாங்குபவர்கள் 18 வோல்ட், 20 வோல்ட் என்று குழம்ப வேண்டாம். இரண்டிலும் உள்ளே ஐந்து செல்தான் வரிசையாக இருக்கிறது. செல்லுக்கு 3.6 என்று எழுதினால் 18, முழு சார்ஜில் உள்ளதை 4 என்று எழுதினால் 20. மர ஓரத்தைச் செதுக்கும் டிரிம்மர் வாங்கும்போது, பிட் என்ற வெட்டும் முனையைப் பிடிக்கிற காலெட் 6 மில்லிமீட்டரா, கால் இஞ்சா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கால் இஞ்ச் என்றால் 6.35. வித்தியாசம் பொடிசு, ஆனால் நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று சுற்றும் மெஷினில் சரியாகப் பிடிக்காத பிட் வெளியே பறக்கும்.

மார்பிள் கட்டரைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். நம் ஊரில் வீட்டு வேலைக்கு வரும் ஆசாரிகளில் பலர் டைல்ஸ் அறுக்கிற அந்த நாலு இஞ்ச் மெஷினில் மர பிளேடைப் போட்டுத்தான் பிளைவுட் அறுக்கிறார்கள். விலை குறைவு, கைக்கு அடக்கம், எங்கேயும் கிடைக்கும். எங்கள் வீட்டு அலமாரி செய்த ஆசாரி அண்ணன் அதில் கோடு பிடித்தால் நூல் பிடித்த மாதிரி போகும். அவருக்கு இடது கையில் இரண்டு விரல் பாதிதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததல்ல, அதற்கு முன்பே. அந்த மெஷின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிறது. மரம் அறுக்கவென்றே செய்த சர்குலர் சா பெரும்பாலும் அதில் பாதி வேகம்தான், பிளேடின் கீழ்ப்பாதியை ஸ்பிரிங் வைத்த மூடி தானாக வந்து மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அந்த மூடி இல்லை. மரம் பிளேடைக் கவ்வினால் மெஷின் ஆளை நோக்கித் துள்ளும். வேலை முடித்துக் கீழே வைக்கும்போதும் பிளேடு நின்றிருக்காது.

"இதுல செய்யாதீங்கண்ணே, சர்குலர் சா வாங்கிக்கலாமே" என்று ஒருமுறை கேட்டேன். "காண்ட்ராக்டர் இதத்தான் குடுக்கிறாரு தம்பி, நம்ம காசுல எங்க வாங்குறது" என்றார். வீட்டுக்கு வேலை செய்ய ஆள் வைக்கிற நாம், சதுரடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசும்போது, எந்த மெஷினில் அறுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. நானும் அலமாரி முடிந்த பிறகுதான் கேட்டேன். இது என்னை அந்தப் பலகையை விட அதிகமாக உறுத்துகிறது. புதிதாக மரவேலை பழகுகிறவர்கள் வீடியோ பார்த்து மார்பிள் கட்டரிலோ, கையில் பிடிக்கிற ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு போட்டோ ஆரம்பிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஜிக்சா மெதுவாகத்தான் அறுக்கும், பரவாயில்லை.

சரி, பலகைக்கு வருகிறேன். பாய் கையில் ஆட்டிப் பார்த்து "இது எடு" என்று சொன்ன ஒரு மெஷினை, அவருக்குத் தெரிந்த கடையில், முழு விலை கொடுத்து வாங்கினேன். ஒரு மாதம் வேப்பங்கட்டையிலேயே பழகினேன். நாற்பது மில்லிமீட்டர் பலாவில் வளைவு என்பது ஜிக்சாவுக்கு அதிகம்தான். அதனால் கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் விட்டு அறுத்தேன். வளைவுக்கு முன்னால், விரல் அகலத்துக்கு ஒன்றாகக் குறுக்கு வெட்டுகள் போட்டுக்கொண்டேன். துண்டு துண்டாக விழுந்துவிட்டால் பிளேடுக்கு நெருக்கடி இல்லை. மிச்சத்தை அரத்தாலும் உளியாலும் கையாலேயே கோடு வரை கொண்டுவந்தேன். இரண்டு ஞாயிறு ஆனது. ஏற்கனவே கெட்ட முனையைச் சரிசெய்ய இன்னும் உள்ளே தள்ளி அறுக்க வேண்டியிருந்தது. பெஞ்ச் நான் நினைத்ததை விட ஒரு சாண் குறைவு. அம்மா காலையில் பேப்பர் படிப்பது இப்போது அதில் உட்கார்ந்துதான்.

கெட்ட முனையிலிருந்து வந்த துண்டு ஆப்பு மாதிரி, ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கிறது. அதை எறியவில்லை. போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் ஜிக்சா வாங்க வேண்டும், கூட வா என்றார். சனிக்கிழமை பிராட்வே போனோம். அந்தத் துண்டையும் சின்ன மூலைமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டேன். முதல் கடையில் கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்துவைத்து "எண்ணூறு வாட் சார்" என்றார். நண்பர் ஒன்றும் பேசாமல் பிளேடை மாட்டி, நுனியை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார். நான் துண்டை மேசையில் வைத்தேன். கடைக்காரர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், நண்பர் விரலைப் பார்த்தார், பெட்டியை மூடி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய் வேறொன்று எடுத்துவந்தார்.